கவர் பாட்டை எப்படி வாசிப்பது என்று பேண்டுக்குள் சண்டை: யார் சொல்வதைக் கேட்பது?

தம்பி கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வடசென்னை வியாசர்பாடியில் ஐந்து பேர் சேர்ந்த ஒரு பேண்ட், மேடையில் வாசிப்பது கவர் பாட்டுகள், அதாவது ஏற்கெனவே வந்த பாட்டுகள். கேள்வி கேட்டவர் கீபோர்டு. கிட்டார் வாசிக்கிற அண்ணன் வயதில் மூத்தவர், லைட் மியூசிக் மேடைகளில் வளர்ந்தவர், ரெக்கார்டில் இருக்கிற ஒவ்வொரு பிட்டும், ஒவ்வொரு சின்ன இசைத் துணுக்கும், அப்படியே வந்தாக வேண்டும் என்கிறார். டிரம்ஸ் பையன், "அப்படியே கேக்கணும்னா யூடியூப் இருக்குது, நாம எதுக்கு?" என்கிறான். பாடுகிற பொண்ணு ஸ்ருதியை இறக்கச் சொல்கிறது, அதற்கும் கிட்டார் அண்ணன் முறைக்கிறார். பேஸ் வாசிப்பவர் வாயே திறப்பதில்லை. ஆடியில் இரண்டு கோயில் கச்சேரி ஒப்புக்கொண்டாயிற்று, ப்ராக்டிஸில் பாதி நேரம் வாக்குவாதத்திலேயே போகிறது. கிட்டார் அண்ணனை மாற்றிவிடலாமா என்று வேறு கேட்கிறார்.

மாற்ற வேண்டாம். அதற்குக் காரணம் பின்னால் வரும்.

முதலில் ஒன்று. "நம்ம பேண்ட் ஒரிஜினல் மாதிரி வாசிக்கிற பேண்டா, மாத்தி வாசிக்கிற பேண்டா" என்று கொள்கை பேசி இந்தச் சண்டையைத் தீர்க்க முடியாது. விடிய விடியப் பேசலாம், ஆளுக்கு நாலு உதாரணம் சொல்வார்கள், கடைசியில் யாராவது ஒருத்தர் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு கிளம்புவார். பாட்டுப் பாட்டாக முடிவெடுங்கள். ஒரே பாட்டுக்குள்ளேயே கூட, ஸ்டார்ட்டிங் மியூசிக்குக்கு ஒரு முடிவு, இரண்டாவது பி.ஜி.எம்முக்கு, அதாவது நடுவில் வருகிற இடையிசைக்கு, வேறு முடிவு என்று வரலாம், அதில் ஒரு தப்பும் இல்லை.

சரி, "ரெக்கார்டில் இருக்கிற மாதிரி" என்று அண்ணன் சொல்கிறாரே, எந்த ரெக்கார்டு என்று கேட்டீர்களா? அடுத்த ப்ராக்டிஸில் வாத்தியத்தைத் தொடுவதற்கு முன்னால் ஐந்து பேரும் தங்கள் போனை எடுத்து, அந்தப் பாட்டை எதைக் கேட்டுக் கற்றுக்கொண்டார்களோ அதைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அண்ணன் மண்டையில் ஓடுவது கேசட்டில் கேட்டதாக இருக்கும். பாடுகிற பொண்ணு படத்தின் வீடியோவைப் பார்த்துக் கற்றிருக்கும், அதில் ஒரு சரணத்தையோ ஒரு பி.ஜி.எம்மையோ வெட்டியிருப்பார்கள். டிரம்ஸ் பையன் ஏதோ டிவி பாட்டுப் போட்டியில் ஒருத்தர் பாடியதை எடுத்து வைத்திருப்பான், அங்கே பேண்ட் போட்ட புது அரேஞ்ச்மென்ட்தான் ஒரிஜினல் என்று நினைத்துக்கொண்டிருப்பான். யூடியூபில் கிடைக்கிற சில அப்லோடுகள் காப்பிரைட்டில் மாட்டாமல் இருக்க வேகத்தையும் ஸ்ருதியையும் லேசாகத் திருகி ஏற்றியவை, அதைக் கேட்டுப் பழகினால் அரை ஸ்வரம் தள்ளித்தான் நிற்பீர்கள். பழைய டேப்பிலிருந்து வந்த சில பாட்டுகளைக் கீபோர்டில் பிடித்துப் பாருங்கள், இரண்டு கட்டைக்கும் (டி) இரண்டரைக்கும் (அதற்கு அடுத்த கறுப்புக் கட்டை) நடுவில் எங்கேயோ நிற்கும். வேகத்தைச் சீராகத் தட்டிக் காட்டுகிற மெட்ரோனோம் காதில் ஓடாமல் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்த காலத்துப் பாட்டுகளில் பல்லவி ஒரு வேகம், கடைசிச் சரணம் அதைவிட ஒரு இழை கூடுதல் வேகம், அது அந்தக் காலத்தின் அழகு. அதை இன்றைக்கு டிரம்ஸ் பையன் மெட்ரோனோம் போட்டு வாசித்தால் அண்ணனுக்கு 'ஏதோ குறையுது' என்றுதான் தோன்றும், என்ன குறைகிறது என்று அவராலும் சொல்ல முடியாது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'தொட்டால் பூ மலரும்' என்று மேடையில் அறிவித்துப் பாருங்கள். முன்வரிசைப் பெரியவர்களுக்கு அது 1964ல் வந்த 'படகோட்டி', விஸ்வநாதன் - ராமமூர்த்தி மெட்டு. பின்னால் பைக்கில் சாய்ந்து நிற்கிறவர்களுக்கு 2004ல் வந்த 'நியூ', ரஹ்மான் மெட்டு. வரி ஒன்று, பாட்டு இரண்டு. உங்கள் ஐந்து பேருக்குள்ளேயே இப்படிப் பிரிந்திருந்தால் வாக்குவாதம் வராமல் என்ன செய்யும்? அதனால் ஒரு பாட்டுக்கு ஒரே ஒரு லிங்க், அதை வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட வேண்டும், எல்லோரும் அதைத்தான் கேட்டுவிட்டு வர வேண்டும். அடித்துச் சொல்கிறேன், உங்கள் சண்டையில் ஒரு பெரிய பங்கு இந்த ஒன்றிலேயே அடங்கிவிடும்.

மிச்சத்துக்கு வருவோம். ஒரே லிங்க்கைக் கேட்ட பிறகும் ஐந்து பேரால் அதை அப்படியே வாசிக்க முடியாது. எண்பதுகளின் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: வரிசையாக வயலின்கள், நடுவில் புல்லாங்குழல், பக்கத்தில் தபேலா, அடியில் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போகிற பேஸ், பின்னால் கோரஸ். உங்களிடம் இருப்பது ஒரு கீபோர்டு, ஒரு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ். ஆக, ஒரிஜினல் மாதிரி என்று கங்கணம் கட்டிக்கொண்டு வாசிக்கிறவரும் எதையோ விட்டுவிட்டுத்தான் வாசிக்கிறார். எதை விடுவது, எதை விடவே கூடாது என்பதுதான் நீங்கள் உண்மையில் போட வேண்டிய சண்டை.

இதற்கு நான் வைத்திருக்கிற சோதனை ஒன்று. பேண்டில் இல்லாத ஒருத்தரைப் பிடியுங்கள், உங்கள் அம்மாவாக இருக்கலாம், ப்ராக்டிஸ் ரூமுக்குக் கீழே பஞ்சர் ஒட்டுகிற அண்ணனாக இருக்கலாம். பாட்டின் முதல் வரியைப் பாடிக் காட்டி, "இதுக்கு அப்புறம் மியூசிக் எப்படிண்ணா வரும்?" என்று கேளுங்கள். அவர் கையில் ட்யூபை வைத்துக்கொண்டே வாயால் "டடட்ட டாய்ங்" என்று எதைப் போட்டுக் காட்டுகிறாரோ, அது ஜனங்களுடைய சொத்து. அதில் கை வைக்காதீர்கள், ஒரு ஸ்வரம் கூட. அவருக்கு ஞாபகம் வராத எல்லாம் உங்கள் கையில். 'இளைய நிலா' பாட்டில் அந்தக் கிட்டாரை எடுத்துவிட்டு வேறு ஏதாவது போட்டால் என்ன மிஞ்சும்? 1982ல் வந்த பாட்டு, ஆர். சந்திரசேகர் வாசித்தது, இன்றைக்கும் கிட்டார் கையில் எடுத்த பையன்கள் முதலில் முயற்சி பண்ணுவது அதைத்தான். அந்த இடத்தில் கிட்டார் அண்ணன் பிடிவாதம் பிடித்தால் அவர் பக்கம்தான் நியாயம். ஆனால் அதே பிடிவாதத்தை எல்லாப் பாட்டுக்கும், பின்னணியில் லேசாக ஓடுகிற, யாரும் முணுமுணுக்காத ஒரு ஸ்ட்ரிங்ஸ் லைனுக்கும் கொண்டுவந்தால் அது வாத்தியக்காரனுக்கு மட்டும் தெரிகிற விஷயத்துக்காகப் போடுகிற சண்டை. அதற்கும் மரியாதை உண்டு, இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் ஆடி மாதக் கச்சேரிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அதில் ஒரு மணி நேரம் செலவழிக்கக் கூடாது.

கீபோர்டு வாசிக்கிற உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வயலின், புல்லாங்குழல், வீணை மூன்றையும் இரண்டு கையில் அடைத்து ரெக்கார்டை எட்டிப் பிடிக்கப் பார்ப்பது கீபோர்டுக்காரர்கள் எல்லோருக்கும் வருகிற ஆசை. மேடையில் அது ஒரே இரைச்சலாகத்தான் வெளியே வரும், ஏனென்றால் அங்கே மைக் செட்டுக்காரர் உங்கள் கீபோர்டுக்கு ஒரே ஒரு லைன்தான் கொடுப்பார். புல்லாங்குழல் பிட்டைக் கிட்டாருக்குக் கொடுத்துவிடுங்கள். அண்ணன் முதலில் "ஃப்ளூட் பிட்ட கிட்டார்லயா?" என்பார். வாசித்துப் பார்த்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

ஸ்ருதி விஷயத்தில் மட்டும் எந்தப் பேச்சுவார்த்தையும் இல்லை. பாடுகிறவர் சொல்வதுதான். அந்தப் பொண்ணு அரைக்கட்டை இறக்கு என்றால் இறக்க வேண்டியதுதான், ஒரிஜினல் ஸ்ருதி என்று நின்றால் மூன்றாவது பாட்டிலேயே தொண்டை கட்டிக்கொள்ளும், அப்புறம் மீதிக் கச்சேரியை யார் பாடுவது? ஆனால் கிட்டார் அண்ணன் ஏன் முறைக்கிறார் என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். உங்களுக்குக் கீபோர்டின் ஸ்ருதியையே மாற்றுகிற ட்ரான்ஸ்போஸ் பட்டனை ஒரு தட்டு தட்டினால் முடிந்தது. அவருக்கு அப்படியில்லை. அந்தப் பிட் ஓப்பன் ஸ்ட்ரிங்கை, அதாவது விரல் வைக்காமல் ஒலிக்கிற கம்பியை, நம்பி எழுதப்பட்டிருந்தால், ஸ்ருதி ஏறும்போது கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்துகிற க்ளிப்) போட்டுச் சமாளித்துவிடலாம், இறங்கும்போது கேப்போ உதவாது. ஒன்று ஆறு கம்பியையும் அரை ஸ்வரம் தளர்த்த வேண்டும், இல்லையென்றால் விரலமைப்பையே மாற்ற வேண்டும், மாற்றினால் அந்தக் கம்பிகள் திறந்து ஒலிக்கிற நாதம் போய்விடும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ட்யூன் பண்ணிக்கொண்டு நின்றால் கூட்டம் எழுந்து போகும். இதற்கு வழி சுலபம்: ஸ்ருதி இறக்குகிற பாட்டுகளை லிஸ்டில் அடுத்தடுத்து வைத்துவிடுங்கள், அல்லது தளர்த்தி வைத்த இரண்டாவது கிட்டார் ஒன்றைக் கச்சேரி நாளைக்கு மட்டும் யாரிடமாவது வாங்கிக்கொள்ளுங்கள். இதை நீங்களே போய் அண்ணனிடம் சொன்னால், அவர் கஷ்டம் உங்களுக்குப் புரிகிறது என்று தெரிந்தாலே பாதிக் கோபம் போய்விடும். அப்புறம் உங்கள் ட்ரான்ஸ்போஸைத் திரும்ப ஸீரோவுக்குக் கொண்டுவர மறக்காதீர்கள், அடுத்த பாட்டு ஆரம்பித்தவுடன் மேடையே உங்களைத் திரும்பிப் பார்க்கும்.

கட்டைக் கணக்கிலும் ஒரு குழப்பம் வரும், சொல்லிவிடுகிறேன். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது. "நாலுலேருந்து அரை இறக்கு" என்றால் மூணுதான், மூணரை என்று ஒன்று இல்லை. பாடகர் ஒன்றைச் சொல்லி, கிட்டாரிஸ்ட் வேறொன்றில் நின்று, இதற்காகவே சண்டை மூண்டதை நான் பார்த்திருக்கிறேன். சி, டி, இ என்று இங்கிலீஷ் எழுத்திலேயே லிஸ்டில் எழுதிவிடுங்கள்.

டிரம்ஸ் பையன் கதைக்கு வருகிறேன், அதுதான் நம்ம ஏரியாவுக்கே உரிய கதை. அவன் மெலடிப் பாட்டைக் குத்தாக மாற்றச் சொல்கிறான், இல்லையா? நீங்கள் எழுதாவிட்டாலும் தெரிகிறது. வியாசர்பாடி, புளியந்தோப்பு, தண்டையார்பேட்டையில் வளர்ந்த பையன் கையில் குச்சியைக் கொடுத்தால் கை அங்கேதான் போகும், காது கேட்டு வளர்ந்தது சட்டி மேளமும் டோலக்கும் போட்ட கானா. கூட்டமும் அதைத்தான் கேட்கும், எட்டரை மணிக்கு மேல் பந்தலின் ஓரத்திலிருந்து "அண்ணா, ஒரு குத்து வுடுண்ணா" என்று குரல் வராத கச்சேரியை வடசென்னையில் காட்டுங்கள் பார்ப்போம். ஆனால் நாலு எண்ணிக்கையில் போகிற பாட்டை மூன்று மூன்றாக எண்ணுகிற திஸ்ர நடைக்கு மாற்றுவது பேட்டர்னை மாற்றுகிற வேலை மட்டும் கிடையாது. வரியில் எந்த எழுத்து எங்கே விழுகிறது என்பதெல்லாம் இடம் மாறும், நெடில் வர வேண்டிய இடத்தில் மூச்சு முட்டும், பாடுகிறவர் புதுப் பாட்டு கற்றுக்கொள்வது போலக் கற்க வேண்டும். வெளிநாட்டில் பீட்டில்ஸ் 1967ல் போட்ட 'வித் எ லிட்டில் ஹெல்ப் ஃப்ரம் மை ஃப்ரெண்ட்ஸ்' பாட்டை அடுத்த வருஷமே ஜோ காக்கர் நாலிலிருந்து மெதுவான ஆறுக்கு மாற்றிப் பாடினார், ஒரிஜினலுக்குச் சமமாகப் பேசப்படுகிற கவர் அது. கேட்டுப் பாருங்கள், அவர்கள் பீட்டை மட்டும் மாற்றவில்லை, பாடுகிற விதம், ஆர்கன், கோரஸ் எல்லாவற்றையும் புதிதாக யோசித்திருக்கிறார்கள். அந்த அளவு உழைக்கத் தயார் என்றால் மாற்றலாம். "நான் பீட்ட மாத்துறேன், நீங்க அதே மாதிரி வாசிங்க" என்றால் அது அரைவேக்காடாகத்தான் வரும்.

அதற்கு நான் சொல்கிற சமாதானம், பாட்டுக்கு ஒரு வால் வைப்பது. மெலடியை முதல் எழுத்திலிருந்து கடைசிப் பல்லவி வரை மரியாதையாக வாசியுங்கள். கடைசிப் பல்லவி முடிந்ததும் ஒரு கட், அந்த இடத்தில் டிரம்ஸ் பையன் தனியாக எடுக்கட்டும், எட்டு ஆவர்த்தனம் (எட்டுத் தாளச் சுற்று) அவன் இஷ்டம், பல்லவியின் ஒரே ஒரு வரியை மட்டும் குத்து நடையில் திரும்பத் திரும்பப் பாடி முடித்துவிடலாம். ஒரு வரியைத் திஸ்ரத்தில் உட்காரவைப்பது பத்து நிமிஷ வேலை. பெரியவர்களுக்குப் பாட்டு கிடைத்தது, ஆடுகிறவர்களுக்கு ஆட்டம் கிடைத்தது, அண்ணனும் கிட்டாரைக் கீழே வைத்துத் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம். எல்லாப் பாட்டுக்கும் வால் வைத்துவிடாதீர்கள், இரண்டு மூன்று போதும். அம்மன் பாட்டில் வைக்கவே வேண்டாம், அதில் ஏற்கெனவே ஆட்டம் இருக்கிறது, அங்கே சாமி வந்து ஆடுகிறவர்கள் வேறு இருப்பார்கள், நடையை மாற்றி விளையாடுகிற இடம் அது இல்லை.

அந்தப் பையனுக்கு உண்மையிலேயே புதுசாக ஏதாவது செய்யணும் என்கிற வெறி இருந்தால், அதைச் சினிமாப் பாட்டின் மேல் காட்டாமல் சொந்தப் பாட்டில் காட்டச் சொல்லுங்கள். கானாவும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில் சேர்ந்து நிற்க முடியும் என்று 2018ல் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்கிற சென்னைக் குழு காட்டினார்கள். கூட்டம் எழுந்து நின்றது அவர்கள் சொந்தமாகப் போட்ட பாட்டுக்கு. கச்சேரிக்கு ஒரு சொந்தப் பாட்டு என்று அவனுக்கு ஒதுக்கிக் கொடுங்கள், கவர் பாட்டுகளில் அவன் கை தானாக அடங்கும்.

இடம் பார்த்தும் முடிவு மாறும் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆடி மாதத் தெருக்கோயிலில் முன்வரிசையில் பாட்டிமார்களும் குழந்தைகளும், அவர்களுக்குத் தெரிந்த பாட்டு தெரிந்த மாதிரி வர வேண்டும். ராயபுரம், காசிமேடு பக்கம் சர்ச் திருவிழாவிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். கல்யாண ரிசப்ஷனில் யாரும் மேடையைப் பார்ப்பதே இல்லை, சாப்பாட்டு ஹாலுக்குப் போகிற வழியில் காதில் விழுந்தால் சரி, அங்கே நீங்கள் என்ன மாற்றினாலும் கேட்க ஆள் கிடையாது, புது அரேஞ்ச்மென்ட்டை ஓட்டிப் பார்க்க நல்ல இடம். பெரம்பூரில் ஆங்கிலோ இந்தியன் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் மட்டும் ஜாக்கிரதை. ரயில்வே காலனிகளில் தலைமுறை தலைமுறையாக டான்ஸ் பேண்ட் கேட்டு வளர்ந்த காதுகள் அங்கே இருக்கும். ஈகிள்ஸ் பேண்டின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா'வின் கடைசி கிட்டார் சோலோவில் ஒரு வளைவு தப்பினாலும் எழுபது வயதுக்காரர் ஒருத்தர் கையில் க்ளாஸோடு வந்து சொல்லிவிட்டுப் போவார்.

அந்தப் பாட்டைப் பற்றி ஒரு கதை இருக்கிறது, டான் ஃபெல்டர் என்கிற அந்த கிட்டாரிஸ்டே பல இடங்களில் சொன்னது. 1976ல் மயாமியில் ரெக்கார்டிங். ஃபெல்டரும் இன்னொரு கிட்டாரிஸ்ட் ஜோ வால்ஷும் கடைசி சோலோவை அந்த நேரத்து மூடுக்கு ஏற்றபடி வாசிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். டிரம்மரும் பாடகருமான டான் ஹென்லி நிறுத்தி, நீ முன்னால் போட்டுக் கொடுத்த டெமோ கேசட்டில் இருக்கிற மாதிரியே வேண்டும் என்று ஒரே பிடி. கேசட்டோ கலிஃபோர்னியா வீட்டில். வீட்டு வேலை பார்க்கிற அம்மாவுக்குப் போன் போட்டு, கேசட்டைத் தேடிப் போடச் சொல்லி, போன் வழியாகக் கேட்டு, தன் சோலோவைத் தானே திரும்பக் கற்றுக்கொண்டு வாசித்திருக்கிறார். பாட்டைப் போட்டவர்களுக்குள்ளேயே இந்தச் சண்டை, அங்கே ஒரிஜினல் மாதிரி வேண்டும் என்று நின்றவர் டிரம்மர். அதே பேண்ட் 1994ல் மறுபடி சேர்ந்தபோது அதே பாட்டுக்கு முன்னால் புதிதாக ஒரு அக்கூஸ்டிக் இசையைச் சேர்த்து, தாளத்தையும் மாற்றி வாசித்தது, அந்த வடிவத்துக்கென்றே இன்றைக்குத் தனி ரசிகர்கள். உங்கள் அண்ணனுக்கும் பையனுக்கும் இந்தக் கதையைச் சேர்த்து உட்காரவைத்துச் சொல்லுங்கள், இரண்டு பேருக்கும் ஆளுக்குப் பாதி கிடைக்கும்.

மைனஸ் ட்ராக் (முன்பே பதிவு செய்த பின்னணி இசை) போட்டு வாசிக்கிற யோசனை கீபோர்டுக்காரரான உங்களுக்கு வந்திருக்கும், வராவிட்டால் இனிமேல் வரும். வயலினும் கோரஸும் லேப்டாப்பிலிருந்து வந்தால் ரெக்கார்டு மாதிரியே கேட்கும், அண்ணன் வாயை அடைத்துவிடலாம் என்று. ஆனால் ட்ராக் ஓட ஆரம்பித்தால் டிரம்ஸ் பையன் காதில் க்ளிக் கேட்டபடி கட்டுப்பட்டு வாசிக்க வேண்டும், பாடுகிறவர் ஒரு சரணத்தை மறந்து தாண்டிவிட்டால் கூடவே தாண்ட லேப்டாப்புக்குத் தெரியாது. எனக்கு ட்ராக் பிடிக்காது, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒன்றிரண்டு பாட்டுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ராக்டிஸ் ரூமில் சண்டையை எப்படி நடத்துவது என்பதுதான் மிச்சம். நான் பார்த்தவரை உருப்படியாக ஓடுகிற பேண்டுகளில் வாய்ப்பேச்சு குறைவு. "இப்படி வாசிச்சா நல்லாருக்கும்" என்று ஒருத்தர் சொன்னால், வாசித்துக் காட்டு என்பதுதான் பதில். இரண்டு விதமாகவும் ஒருமுறை முழுசாக, பாதியில் நிறுத்தாமல், முகம் சுளிக்காமல் வாசித்துவிடுங்கள். போனை ரூமின் மறுகோடியில் வைத்து இரண்டையும் ரெக்கார்ட் பண்ணுங்கள், கையில் வைத்துக்கொண்டால் அவரவர் வாத்தியம் மட்டும்தான் கேட்கும். அப்போதே போட்டுக் கேட்காதீர்கள். அப்போது எல்லோர் காதும் சூடாக இருக்கும், அவரவர் சொன்னதுதான் நன்றாக இருக்கிற மாதிரி தோன்றும். மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் பஸ்ஸிலோ மின்சார ரயிலிலோ கேட்டுவிட்டு ராத்திரி குரூப்பில் ஒன்றா இரண்டா என்று போடட்டும். வாயே திறக்காத உங்கள் பேஸ் அண்ணன் அப்போது நம்பரைத் தட்டிவிடுவார், பாருங்கள், அவருக்கு நேருக்கு நேர் பேசத்தான் கூச்சம். ஐந்து பேர் என்பதால் இழுபறியும் வராது.

அப்படியும் ஒத்துவரவில்லை என்றால், அந்தப் பாட்டை லிஸ்டில் சேர்க்கச் சொன்னவர் யாரோ அவர் வார்த்தை கடைசி. ஆளுக்கு இத்தனை பாட்டு என்று பிரித்துக்கொண்டால் அண்ணன் கொண்டுவந்த பாட்டு ரெக்கார்டு மாதிரி வரும், பையன் கொண்டுவந்தது அவன் மாதிரி வரும், இன்னொருத்தர் பாட்டில் குறைசொல்கிற வாய் தன் பாட்டு வரும்போது என்ன ஆகும் என்று யோசித்து அடங்கும். முடிவானதை ஒரு நோட்டில் எழுதுங்கள்: ஸ்ருதி, வேகம் எத்தனை பி.பி.எம் (நிமிஷத்துக்கு எத்தனை அடி), எந்த பி.ஜி.எம் யார் வாசிப்பது, எங்கே கட், எப்படி முடிப்பது. எழுதாவிட்டால் அடுத்த வாரம் "அன்னிக்கு அப்படியா பேசினோம்?" என்று முதலிலிருந்து ஆரம்பிக்கும். மேடையில் மட்டும் யாரும் புதிதாக எதையும் எடுக்கக் கூடாது, அண்ணனாக இருந்தாலும் சரி. பாடுகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், முதல் பல்லவியில் சங்கதி போட்டு மெட்டை அலங்கரிக்காதீர்கள், கூட்டம் கூடவே பாட வருகிற இடம் அது. இரண்டாவது தடவையிலிருந்து தாராளமாகப் போடுங்கள்.

சில சண்டைகள் பாட்டைப் பற்றியவையே இல்லை என்பதையும் கவனியுங்கள். "இந்த பி.ஜி.எம்மைச் சுருக்கிடலாம்" என்று ஒருத்தர் திரும்பத் திரும்பச் சொன்னால், அவர் அதை வீட்டில் வாசித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். "டிரம்ஸ் பேட்டர்ன் சரியில்ல" என்பது பல சமயம் "டிரம்ஸ் சத்தத்தில் என் கிட்டார் எனக்கே கேட்கலை" என்பதுதான். சின்ன ரூம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மூலையில் டிரம்ஸ், வேறென்ன நடக்கும்? ஸ்னேர் டிரம் மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டுவிட்டு அதே பேட்டர்னை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள், குறை சொன்னவர் அதையே நல்லா இருக்கு என்பார். பேமென்ட் எப்படிப் பிரிகிறது என்பதும் உள்ளுக்குள் ஓடும், யார் எடுத்த கச்சேரி, யாருக்கு எவ்வளவு என்பதை அட்வான்ஸ் வாங்கின அன்றைக்கே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள்.

இப்போது கிட்டார் அண்ணன். அவர் வளர்ந்த லைட் மியூசிக் உலகத்தில் ஒரு குழுவுக்குக் கிடைக்கிற ஒரே பெரிய பாராட்டு "அப்படியே ரெக்கார்டு போட்ட மாதிரியே இருந்துச்சுப்பா" என்பதுதான். பாட்டை வீட்டில் போட்டுக் கேட்க வசதி இல்லாத காலத்தில் ஜனங்கள் அதற்காகத்தான் கச்சேரிக்கு வந்தார்கள், ஒரு பிட் தப்பினால் குழுவின் பேரே போய்விடும். அதில் தேறியவர் காது சாதாரணக் காது இல்லை. நீங்கள் இத்தனை நாள் வாசித்த கார்டுகளில், அதாவது சேர்த்து அழுத்துகிற ஸ்வரக் கூட்டங்களில், எது தப்பு என்று உங்களுக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர். அவரிடம் தனியாகப் போய், டீக்கடையில் நிற்கவைத்து, "அண்ணா, எல்லாருடைய கார்டையும் நீங்க ஒருவாட்டி செக் பண்ணிக் கொடுங்க, பிட்டு எது கட்டாயம் வேணும்னு நீங்களே குறிச்சுக் கொடுங்க, பாட்டுக்கு மூணு" என்று கேளுங்கள். மூணு என்று எண்ணிக்கை சொல்லிவிடுவது முக்கியம். பதினைந்து பிட்டுக்காகச் சண்டை போடுகிறவர் மூன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யோசிக்க ஆரம்பித்துவிடுவார், அப்படி அவர் தேர்ந்தெடுக்கிற மூன்றும் பஞ்சர் கடை அண்ணன் முணுமுணுத்ததும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்.

கவரை ரெக்கார்ட் பண்ணி வெளியிடுகிற எண்ணம் இருந்தால் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தில் 2012ல் சேர்த்த 31சி பிரிவின்படி கவர் ஒலிப்பதிவு போட, பாட்டின் முதல் ரெக்கார்டிங் வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும், உரிமையாளருக்கு முன்கூட்டியே நோட்டீஸும் ராயல்டியும் கொடுக்க வேண்டும், அவர் சம்மதம் இல்லாமல் வரியிலோ இசையிலோ மாற்றம் செய்யக் கூடாது, ரெக்கார்டிங்குக்குத் தொழில்நுட்ப ரீதியாகத் தவிர்க்க முடியாதது மட்டும் விலக்கு. அதாவது அந்த விஷயத்தில் சட்டமும் கிட்டார் அண்ணன் கட்சிதான், டிரம்ஸ் பையனிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

கச்சேரி லிஸ்ட் போடும்போது பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும் என்பதைக் கணக்கில் வையுங்கள். ஏழுக்கு என்று நோட்டீஸ் அடித்திருப்பார்கள், பூஜை முடிந்து, வார்டு பிரமுகருக்குப் பொன்னாடை போர்த்தி முடித்து நீங்கள் மைக்கைத் தொடும்போது எட்டாகியிருக்கும். இரண்டு மணி நேரத்துக்குப் பேச்சு, இடைவெளி எல்லாம் போக இருபது பாட்டு தேறினால் அதிகம். அதனால் எந்தப் பாட்டில் சண்டை தீரவே இல்லையோ அதை இந்த ஆடிக்கு எடுத்துவிட்டு, தீர்ந்த பாட்டுகளை மட்டும் ஏற்றுங்கள். மிச்சத்தை ஆவணியில் ஏதாவது ரிசப்ஷன் வரும், அங்கே ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.